வகுத்தி பூஜ்யமாகலாம்

மன்னார்குடியில் பூச்சிமருந்துக் கடைக்கு மேல்மாடி.
நெடி படியேறி வந்து எங்களுக்கு முன்பே
நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்.
மதகுக்கு மதகு முறைவைத்துத் தண்ணீர் விடுகிற நிரலை
நாலு வருடமாக இங்கேதான் எழுதுகிறோம்,
நானும் கூத்தாநல்லூர் சர்புதீனும்.

ஆனி பிறக்க மூன்று நாள்.
மேட்டூரில் திறந்தாயிற்று, இன்னும் கல்லணைக்கு வரவில்லை.
பாமணியாற்றில் மணல்.
மணலில் ஆடுகள், கிழிந்த ஃபிளெக்ஸில் பாதி மாப்பிள்ளை,
யாரோ நட்டுவிட்டுப் போன மூன்று ஸ்டம்பு.
லஸ்கர் மாசிலாமணி வாய்க்காலுக்குள் இறங்கி நடக்கிறார்:
நண்டு வளை, எலி வளை,
ஷட்டர் அடியில் சிமெண்ட் பெயர்ந்த இடம்.
தண்ணீர் வந்தபின் தேட வேண்டியதில்லை,
ஓட்டையைத் தண்ணீரே காட்டிவிடும்
அடுத்தவர் வயலில்.

நாங்களும் அப்படித்தான்
நிரலை ஓடவிடாமல்
அதன் காய்ந்த தரையில் ஒரு கருவியை இறக்கிவிட்டோம்.
ஒரு மோட்டார் சுற்றவில்லை, ஒரு பல்சக்கரம் நகரவில்லை.
அது வெறுமனே வாசித்தது,
இந்த 'இல்லையென்றால்' எங்கே போகும்
அந்த 'வரைக்கும்' எப்போது நிற்கும் என்று
விரல் வைத்து விரல் வைத்து.

இருநூற்றுப் பதினாலு எச்சரிக்கை.

பாதி வெறும் வம்பு.
இடைவெளி ஒன்று கூடுதல், பெயர் சரியில்லை,
இலையில் உப்பை எந்தப் பக்கம் வைத்தாய் என்று கேட்கிற
சம்பந்தி மாதிரி.
மீதியில் சில வலித்தன:
மதிப்பே வைக்காமல் கூட்டலுக்குப் போன மாறி,
எந்தப் பாதையில் வந்தாலும் எட்ட முடியாத ஏழு வரி.
"கடைமடை" என்றான் சர்புதீன்,
தேநீரை ஊதிக்கொண்டே.

அப்புறம் வரி முந்நூற்றுப் பதினேழு.
மதகு திறந்திருக்கும் நேரம் என்பது
தேவையான நீரை வரத்தால் வகுத்தது.
கருவி சொன்னது:
வகுத்தி பூஜ்யமாகலாம்.

காவிரியை அது பார்த்ததில்லை.
தீர்ப்பு, ஆணையம், கன அடி எதுவும் தெரியாது,
காய்ந்த நாற்றங்காலைத் தாண்டிப் பேருந்தில் போனதில்லை.
வரத்து ஓர் எண்,
எண் என்றால் பூஜ்யமும் எண்தான்,
அவ்வளவுதான் அதன் படிப்பு.

அந்த வரிக்கு மேல் ஏற்கெனவே ஒரு குறிப்பு இருந்தது:
'இதைக் கண்டுகொள்ளாதே. இப்படி நடக்காது.'
"எந்த மகராசன் எழுதினது?" என்று
வரலாற்றைத் திறந்தேன்.
மூன்று வருடம் முந்திய கார்த்திகை,
ஆறு கரை தொட்டு ஓடிய வாரம்,
பேருந்து நிலையத்தில் முழங்கால் தண்ணீர்.
எழுதியவர்: செங்கமலம்.
நான்தான்.

சர்புதீன் சிரிக்கவில்லை, அது இன்னும் மோசம்.

பூஜ்யத்தால் வகுத்தால்
மதகு முடிவில்லாத நேரம் திறந்தே கிடக்கும்
வராத தண்ணீருக்கு.
அல்லது நிரல் அங்கேயே விழும்,
கீழே இருக்கிற நாற்பத்தொரு மதகும்
போன வார உத்தரவைப் பிடித்துக்கொண்டு நிற்கும்.

ஓட்டை இருக்கும் இடத்தைச் சொன்ன கருவி
எதை வைத்து அடைப்பது என்று சொல்லவில்லை.
"நேரம் பூஜ்யம்னு அனுப்பிடு" என்றான்.
கை போனது. நின்றது.
கடைமடையில் ஒருவர் அலைபேசியைத் திறந்தால்
'உங்கள் முறை: 0 மணி' என்றிருக்கும்.
முறை இல்லை என்பது வேறு
தண்ணீர் இல்லை என்பது வேறு.
முதலாவதற்கு அவர் மேல்மடைக்காரனோடு
மண்வெட்டி எடுக்கலாம்.

ஆகவே ஒரு கிளை பிரித்தேன். வரத்து பூஜ்யமானால்
ஷட்டரைத் தொடாதே, இந்தச் செய்தியை அனுப்பு:
'உங்கள் முறை உங்களிடமே இருக்கிறது. ஆற்றில் தண்ணீர் வரவில்லை. வந்ததும் உங்கள் மணியிலிருந்து தொடங்கும்.'

மறுபடி கருவியை இறக்கினோம்.
வகுத்தி பற்றிப் பேச்சில்லை.
புதிதாக ஒன்றே ஒன்று, அந்தச் செய்தியின் மேல்:
வரி மிக நீளம்.

இருக்கட்டும் என்று விட்டுவிட்டுக்
கீழே இறங்கினோம். மருந்துக்கடையில்
ஷட்டரை இழுத்துக்கொண்டிருந்தார்கள்,
பாதியில் சிக்கியது.